என்ஐபிடி ரிப்போர்ட்ல பையன், 20 வார ஸ்கேன்ல பொண்ணு. எதை நம்பறது?

விடியல்_அம்மா:

ஹாய் எல்லாருக்கும், இதுவரைக்கும் படிச்சிட்டு மட்டும் போற ஆளு, இன்னைக்குதான் முதல் தடவையா எழுதறேன், கொஞ்சம் பெருசாதான் இருக்கும் பொறுத்துக்கோங்க. இப்ப எனக்கு 21 வாரம், ரெண்டாவது குழந்தை. டபுள் மார்க்கர் ரத்த டெஸ்ட்ல ட்ரைசோமி 21-க்கு (டவுன் சிண்ட்ரோம்) இன்டர்மீடியட் ரிஸ்க்னு வந்துச்சு, என்டி அளவு (ஸ்கேன்ல பாக்கற குழந்தை கழுத்துக்குப் பின்னாடி இருக்கற நீரோட அளவு) நார்மல்தான், இருந்தாலும் மனசு கேக்காதுன்னு டாக்டர் என்ஐபிடி (அம்மா ரத்தத்தை வச்சு குழந்தையோட குரோமோசோமைப் பாக்கற டெஸ்ட்) எழுதிக் குடுத்தாங்க. 12-வது வாரத்துல ரத்தம் எடுத்தாங்க. ரிப்போர்ட்ல 21, 18, 13 குரோமோசோம் கோளாறு மூணுமே லோ ரிஸ்க். கீழ ஒரு லைன்ல ஒய் குரோமோசோம் இருக்கு, ஆண்னு போட்டிருந்துச்சு. (நான் இருக்கற நாட்டுல பாலினத்தை சொல்றது சட்டப்படி சரிதான், அதைப் பத்தி சண்டை வேண்டாம் ப்ளீஸ்.)

இப்ப அனாமலி ஸ்கேன் (குழந்தையோட உறுப்பெல்லாம் பாக்கற 20 வார ஸ்கேன்) போனோம். எல்லாம் பாத்துட்டு வந்தவங்க அந்த இடத்துக்கு வந்ததும் பேச்சு நின்னு போச்சு. ப்ரோப வச்சு வச்சு பாக்கறாங்க, என்னை இடது பக்கம் திரும்பச் சொல்றாங்க, திரும்ப மல்லாக்கப் படுக்கச் சொல்றாங்க. கடைசில "உங்களுக்கு ஏற்கனவே என்னன்னு சொன்னாங்களா"ன்னு கேட்டாங்க, பையன்னு சொன்னேன், ஒண்ணும் பேசாம எழுந்து போய் சீனியரைக் கூட்டிட்டு வந்தாங்க. அவங்களும் பாத்துட்டு பொண்ணுன்னுதான் சொல்றாங்க. இதயம், கிட்னி, முதுகெலும்பு எல்லாம் நல்லா இருக்காம்.

எங்க டாக்டர்கிட்ட கேட்டா "லேப்ல ஏதோ தப்பு நடந்திருக்கும், பொறந்ததும் தெரிஞ்சிரப் போகுது"ன்னு சிரிக்கறாங்க. வீட்டுல எல்லாரும் பேரை மாத்தற பேச்சுல இறங்கிட்டாங்க. எனக்கு பையனா பொண்ணாங்கறது பிரச்சினையே இல்லங்க. என் கேள்வி ஒண்ணே ஒண்ணு: பாலினத்தையே தப்பா சொன்ன ரிப்போர்ட்ல அந்த லோ ரிஸ்க் மட்டும் எப்படி சரியா இருக்கும்? அது என் ரத்தம்தானா? இதை நினைச்சே தூக்கம் வரல.

---

ரெண்டு_வாலு_ஒரு_வீடு:

டென்ஷன் ஆகாதீங்க சிஸ். ஸ்கேன்ல தப்பா சொல்றது சகஜம், காலை இறுக்கி வச்சிருந்தா, தொப்புள்கொடி நடுவுல வந்துச்சுன்னா ஒண்ணுமே தெரியாது. ரத்த டெஸ்ட் 99 சதவீதம் கரெக்ட்னு போட்டிருக்காங்களே. ஹார்ட் பீட் எவ்ளோ இருந்துச்சு? 140-க்கு மேலன்னா பொண்ணுன்னு சொல்லுவாங்க, வயிறு மேல தூக்கி இருக்கா கீழ இறங்கி இருக்கான்னும் பாருங்க.

---

மைக்ரோபிப்பெட்:

ஹார்ட் பீட், வயிறு ஷேப், சைனீஸ் காலண்டர், பிளசென்டா வலது பக்கமா இடது பக்கமா, இது எல்லாமே காசு சுண்டிப் போடற கதைதான், பாதிப் பேருக்கு எப்படியும் சரியா வரும், சரியா வந்தவங்க மட்டும்தான் வந்து சொல்லுவாங்க. அதை இதுல கலக்க வேண்டாம்.

விடியல், நான் ஜெனட்டிக்ஸ் லேப்ல வேலை பாக்கறேன், டாக்டர் இல்ல. உங்க கேள்வி ரொம்ப சரியான கேள்வி, உங்க டாக்டர் சிரிச்சு அனுப்பினதுதான் எனக்குப் பிடிக்கல. 1500-லருந்து 2000 கர்ப்பத்துக்கு ஒண்ணுல இப்படி ரத்தம் ஒண்ணு, ஸ்கேன் ஒண்ணுன்னு மாறி வரும்னு கணக்கு சொல்றாங்க. அபூர்வம்தான், ஆனா நடக்காத விஷயம் கிடையாது.

முதல்ல அந்த டெஸ்ட் என்ன பாக்குதுன்னு தெரிஞ்சிக்கோங்க. கர்ப்பமா இருக்கறப்ப அம்மாவோட ரத்தத்துல துண்டு துண்டா டிஎன்ஏ மிதக்கும், பெரும்பகுதி அம்மாவோடது, 10 வாரத்துக்கு மேல ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு கர்ப்பத்தோடது. 1997-ல டென்னிஸ் லோங்கறவர் குழு இதைக் கண்டுபிடிச்சதே எப்படின்னா, ஆண் குழந்தை சுமக்கற அம்மாக்களோட ரத்தத்துல ஒய் குரோமோசோம் துண்டு இருக்கான்னு தேடித்தான். பெண் உடம்புல ஒய் இருக்காது இல்லையா, அதனால இருந்தா அது வெளியிலருந்து வந்ததுன்னு அர்த்தம். டவுன் சிண்ட்ரோமுக்கு இதை வச்சு டெஸ்ட் பண்ற வித்தை எல்லாம் அதுக்கப்புறம் வந்தது, 2011 வாக்குலதான் மார்க்கெட்டுக்கே வந்துச்சு.

இதுல பல பேருக்குத் தெரியாத விஷயம், அந்த டிஎன்ஏ குழந்தை உடம்புலருந்து நேரா வரல, பிளசென்டாவுலருந்து வருது. ரெண்டும் ஒரே கருவுலருந்து வந்ததால பெரும்பாலும் ஒண்ணாத்தான் இருக்கும். எப்பவும்னு சொல்ல முடியாது.

அடுத்தது எந்தப் பக்கம் மாறி இருக்குங்கறது. ரத்தத்துல பொண்ணு, ஸ்கேன்ல பையன்னா அது ஒரு தனி லிஸ்ட்: கர்ப்பத்தோட டிஎன்ஏ பங்கு ரொம்பக் கம்மியா இருந்து ஒய்யைத் தவற விட்டிருக்கலாம், இல்ல எக்ஸ்எக்ஸ் (பெண் குரோமோசோம்) குழந்தைக்கு அட்ரீனல் சுரப்பில பிரச்சினை இருந்து வெளி உறுப்பு பையன் மாதிரி வளர்ந்திருக்கலாம். அந்த அட்ரீனல் விஷயத்தை லேசா விடக்கூடாது, சில குழந்தைங்களுக்கு பொறந்து முதல் சில வாரத்துலயே உடம்புல உப்பு இறங்கி உயிருக்கே ஆபத்தாகும், முன்னாடியே தெரிஞ்சா மாத்திரையாலயே காப்பாத்திரலாம். உங்களுக்கு அது இல்ல. உங்களுக்கு ரத்தத்துல பையன், ஸ்கேன்ல பொண்ணு. இல்லாத ஒய் எங்கருந்து வந்துச்சுங்கறதுதான் கேள்வி.

அதுக்கு நான் கேக்கறேன், யோசிச்சு சொல்லுங்க. ஆரம்பத்துல 6, 7 வாரத்துல ஸ்கேன் எடுத்தீங்களா, அந்த பேப்பர் இருக்கா, அதுல கரு வளர்ற ரெண்டாவது பை பத்தி ஏதாவது எழுதி இருக்கா? உங்களுக்கு எப்பவாவது கிட்னி, எலும்பு மஜ்ஜை மாதிரி ஏதாவது மாத்தி வச்சிருக்காங்களா (ஆண் கிட்ட இருந்து வாங்கினதா இருந்தா அதுலருந்தும் ஒய் வரும்)? சமீபத்துல ரத்தம் ஏத்தினாங்களா? ரத்தம் எடுத்தது ஆஸ்பத்திரியிலயா, இல்ல வீட்டுல விரல்ல குத்தி அனுப்பற கிட்டா? அந்த கிட்டுன்னா வீட்டுல இருக்கற ஆம்பளை யாராவது தொட்டாலே போதும், பையன்னு வந்துரும்.

---

ரெண்டு_வாலு_ஒரு_வீடு:

ஐயோ எனக்கு பையன்னு சொன்னது ஹார்ட் பீட் வச்சுதான், கரெக்டா வந்துச்சே 😅 சரி சரி நான் வாயைத் திறக்கல, பாப்கார்னோட உக்காந்துட்டேன்.

---

விடியல்_அம்மா:

மைக்ரோபிப்பெட் ரொம்ப நன்றிங்க, இவ்ளோ பொறுமையா யாரும் எனக்கு சொல்லல. ஆபரேஷன், ரத்தம் ஏத்தினது எதுவும் இல்ல. ரத்தம் எடுத்தது ஆஸ்பத்திரிலதான், நரம்புலருந்து, ரெண்டு ட்யூப். ட்யூப்ல பேர் ஒட்டினாங்களான்னு சத்தியமா எனக்கு ஞாபகம் இல்ல, நான் ஊசியைப் பாக்க மாட்டேன், சுவத்தைப் பாத்துட்டு இருந்தேன்.

ஆனா நீங்க கேட்டதும் பழைய ஃபைலைத் தேடினேன். 7-வது வாரம் லேசா ப்ளீடிங் இருந்துச்சுன்னு ஒரு ஸ்கேன் எடுத்தோம், அந்த ரிப்போர்ட்ல கடைசிக்கு முந்தின வரில "அருகில் சிறிய இரண்டாவது பை, கரு தெரியவில்லை"ன்னு இருக்கு. அப்ப எனக்கு அந்த ஸ்கேன் பண்ணவங்க "அது ஒண்ணும் இல்ல, கரைஞ்சிரும்"னாங்க. நானும் ரத்தம் தேங்கி இருக்குன்னு நினைச்சேன். இதுவா?

---

மைக்ரோபிப்பெட்:

இதுவா இருக்க நல்லாவே வாய்ப்பு இருக்கு.

வானிஷிங் ட்வின்னு சொல்லுவாங்க, ரெண்டு கரு உருவாகி ஒண்ணு ஆரம்பத்துலயே நின்னு போய் உடம்பு அதை உறிஞ்சிரும். பல பேருக்கு இது நடந்ததே தெரியாது, சீக்கிரம் ஸ்கேன் எடுத்தவங்களுக்குத்தான் தெரியும். நின்னு போன கரு ஆணா இருந்து, அதோட பிளசென்டா திசு மட்டும் இன்னும் மிச்சம் இருந்தா, அதுலருந்து ஒய் துண்டு சில வாரம், சில சமயம் ரெண்டு மாசத்துக்கு மேலயும் ரத்தத்துல வந்துட்டே இருக்கும். 7-ல நின்னு போனதுக்கு 12-ல ரத்தம் எடுத்தா மாட்ட நல்லாவே சான்ஸ் இருக்கு. குழந்தை பொறந்ததுக்கப்புறம் சில மணி நேரத்துல அம்மா ரத்தத்துலருந்து குழந்தையோட டிஎன்ஏ காணாம போயிரும், ஆனா உள்ளயே கரையற திசு அப்படி ஒரேடியா போகாது.

இப்ப உங்க முதல் கேள்விக்கு வரேன். ரெண்டு நிலைமையைப் பிரிச்சுப் பாக்கணும். ஒண்ணு, ட்யூப் மாறி இருந்தா அந்த ரிப்போர்ட்ல ஒரு வரி கூட உங்களோடது இல்ல, லோ ரிஸ்க்கையும் தூக்கிப் போட்டுரணும். அதனாலதான் "லேப் தப்பு, விடுங்க"ன்னு சொல்லிட்டுப் போறது எனக்கு கோவம் வருது, லேப் தப்புன்னு நிஜமாவே நினைச்சா அந்த நிமிஷமே லேபுக்கு ஃபோன் போட்டு திரும்ப டெஸ்ட் பண்ண வைக்கணும் இல்லையா. இன்னொண்ணு வானிஷிங் ட்வின்னா, ரத்தம் உங்களோடதுதான், அளந்ததும் சரிதான், ஆனா ரெண்டு பேரோட டிஎன்ஏ கலந்ததை ஒரு ஆளோடதுன்னு படிச்சிருக்காங்க. நின்னு போன கருவுக்கு பெரும்பாலும் குரோமோசோம் கோளாறு இருக்கும், அது பக்கத்துல இருந்தா வழக்கமா ஹை ரிஸ்க்னு பொய்யா வர வாய்ப்புதான் ஜாஸ்தி. உங்களுக்கு அதையும் மீறி லோ ரிஸ்க்னே வந்திருக்கு, அதோட என்டி நார்மல், அனாமலி ஸ்கேன் நார்மல். இது மனசுக்குத் தெம்பா எடுத்துக்கலாம். ஆனா என்ஐபிடி எப்பவுமே ஸ்க்ரீனிங்தான், முடிவான டெஸ்ட் கிடையாது, வானிஷிங் ட்வின் இருந்தா இன்னும் ஒரு படி கம்மியாத்தான் நம்பணும்.

லேபுக்கு கூப்பிட்டா ரெண்டு விஷயம் கேளுங்க. சாம்பிள் வந்ததுலருந்து ரிப்போர்ட் வரைக்கும் ஐடி சரியா பொருந்துதான்னு பாக்கச் சொல்லுங்க. அடுத்து, ஒய் வச்சு கணக்குப் போட்ட கரு டிஎன்ஏ சதவீதமும் மொத்த கரு டிஎன்ஏ சதவீதமும் ஒண்ணா இருக்கான்னு கேளுங்க. நிஜமான பையன்னா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு இருக்கும். ஒய் கம்மியா, மொத்தம் ஜாஸ்தியா இருந்தா ஒய் வேற இடத்துலருந்து கொஞ்சமா வருதுன்னு அர்த்தம். இதை அவங்க ரிப்போர்ட்ல போட மாட்டாங்க, கேட்டா பெரும்பாலும் டாக்டர் மூலமாத்தான் சொல்லுவாங்க, கேட்டுப் பாருங்க.

---

புது_மெம்பர்_07:

நடுவுல வரேன் மன்னிக்கணும். நான் இந்தியாலதான் இருக்கேன், 13 வாரம். எனக்கும் என்ஐபிடி எடுத்தாங்க, ஆனா ரிப்போர்ட்ல ஆண் பெண் வரியே இல்ல. ஏற்கனவே ரெண்டு பொண்ணுங்க, மாமியார் வீட்டுல ரொம்ப நச்சரிக்கறாங்க. வெளிநாட்டு லேப்புக்கு ரத்தம் அனுப்பினா சொல்லுவாங்கன்னு என் நாத்தனார் சொல்றா. அக்காங்க யாராவது அனுப்பி இருக்கீங்களா?

---

கோடை_மழை:

அனுப்பாதீங்கம்மா. கேக்கறதுக்கே பயமா இருந்திருக்கும், புரியுது, ஆனா இது விளையாட்டு இல்ல. இந்தியாவுல 1994-ல வந்த சட்டம், 2003-ல இன்னும் இறுக்கி கருத்தரிப்புக்கு முன்னாடி பாலினத்தைத் தேர்ந்தெடுக்கறதையும் சேத்தாங்க. டாக்டரோ ஸ்கேன் எடுக்கறவரோ வார்த்தையால, சைகையால, வேற எந்த விதத்துலயும் கருவோட பாலினத்தைச் சொல்லக்கூடாது. முதல் தடவைக்கே 3 வருஷம் வரைக்கும் ஜெயில், டாக்டர் பதிவும் போகும். கேட்டு அலையற குடும்பத்துக்காரங்களுக்கும் தண்டனை இருக்கு. ஆனா கர்ப்பிணியை வீட்டாளுங்க கட்டாயப்படுத்தி இருப்பாங்கன்னுதான் அந்த சட்டமே எடுத்துக்குது, அதை மாத்திச் சொல்றவங்கதான் நிரூபிக்கணும். உங்க நிலைமை என்னன்னு சட்டம் எழுதினவங்களுக்கே தெரிஞ்சிருக்கு பாருங்க.

உங்க ரிப்போர்ட்ல அந்த வரி இல்லாதது குறை இல்ல, சட்டப்படி அப்படித்தான் இருக்கணும். டெஸ்ட் பண்ணதே டவுன் சிண்ட்ரோம் மாதிரி விஷயத்துக்குத்தான், அது கைல இருக்கு இல்ல. அப்புறம் மாமியார்கிட்ட சொல்லணும்னா இதைச் சொல்லுங்க, எக்ஸா ஒய்யாங்கறது அப்பாவோட விந்தணுலருந்துதான் வருது, அம்மாகிட்ட குடுக்க எக்ஸ் மட்டும்தான் இருக்கு. நச்சரிப்பு எல்லை மீறினா, அடி உதைன்னு போனா, 181-க்கு கூப்பிடுங்க, பெண்கள் உதவி எண். தனியா பேசணும்னா எனக்கு மெசேஜ் போடுங்க.

---

மைக்ரோபிப்பெட்:

கோடை மழை சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். பாலினம் பாக்கற டெஸ்டே நோய்க்காகத்தான் ஆரம்பிச்சது. 1956-லயே கோபன்ஹேகன்ல பனிக்குட நீர்ல இருக்கற செல்லை வச்சு ஆணா பெண்ணான்னு பாத்தாங்க, எதுக்குன்னா ஹீமோஃபீலியா. அம்மா கேரியரா இருந்தா பையனுக்குத்தான் அந்த நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. இப்பவும் ஹீமோஃபீலியா (ரத்தம் உறையாத நோய்), டுஷேன் (தசை பலவீனமாகற நோய்) மாதிரி நோய் குடும்பத்துல இருந்தா ரத்தத்துல முதல்ல பாலினம் பாத்து, பொண்ணுன்னா வயித்துல ஊசி போடற டெஸ்டையே தவிர்க்கலாம், பையன்னா பிரசவத்துல வாக்யூம், ஆயுதம் போடாம பாத்துக்கலாம். இந்தியச் சட்டமும் பாலினத்தோட வர்ற பரம்பரை நோய்க்கு டெஸ்ட் பண்ண அனுமதி குடுக்குது. மத்தபடி கிடையாது.

---

மல்லி_அம்மா:

விடியல், நான் எழுதலாமா வேண்டாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். உங்களை பயமுறுத்த இல்ல. உங்க கேஸ் ட்வின்னாத்தான் இருக்கும்னு எனக்கும் தோணுது. ஆனா இந்த த்ரெட்டை நாளைக்கு இன்னொருத்தி தேடி வந்து படிப்பா, அவளுக்கும் சேத்து சொல்றேன்.

எங்களுக்கும் ரத்தத்துல பையன், ஸ்கேன்ல பொண்ணு. ரெண்டாவது பை எதுவும் இல்ல. திரும்ப ரத்தம் எடுத்தோம், மறுபடியும் ஒய். பனிக்குட நீர் எடுக்கலாமான்னு கேட்டாங்க, நானும் என் வீட்டுக்காரரும் வேண்டாம்னு முடிவு பண்ணோம், பொறந்ததும் பாத்துக்கலாம்னு. பொறந்தா, பாக்கறதுக்கு எந்த வித்தியாசமும் இல்லாத பொண்ணு. தொப்புள்கொடி ரத்தத்துல குரோமோசோம் பாத்தாங்க, எக்ஸ்ஒய். ஆண்ட்ரோஜன் இன்சென்சிட்டிவிட்டி, முழு வகை. உடம்பு ஆண் ஹார்மோனை உருவாக்கும், ஆனா செல்லுங்களுக்கு அதைக் கேக்கற காது இல்ல, அதனால பொண்ணாவே வளரும். கர்ப்பப்பை இருக்காது, உள்ள விரை இருக்கும்.

இதை ஏன் சொல்றேன்னா, என்ஐபிடி இல்லாத காலத்துல இந்தக் குழந்தைங்களுக்கு குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் பண்றப்பதான் தெரியும், இல்லன்னா 15, 16 வயசாகியும் வயசுக்கு வரலையேன்னு போறப்ப தெரியும், அந்த வயசுல ஒரு பொண்ணு அதைக் கேக்கறது எவ்ளோ கொடுமைன்னு நினைச்சுப் பாருங்க. எங்களுக்கு முதல் நாள்லருந்து தெரியும். ஹார்மோன் டாக்டர் வருஷத்துக்கு ஒரு தடவை பாக்கறாங்க. ஆபரேஷன் எதுவும் அவசரப்பட வேண்டாம், அவ வளர்ந்து அவளே முடிவு பண்ணட்டும்னாங்க. அவ வயசுக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமா சொல்லிட்டு வரோம். மத்தபடி வீட்டுல இருக்கற எல்லா சுவத்துலயும் க்ரேயான்ல கிறுக்கி வச்சிருக்கா, மிளகாய்ப்பொடி மாதிரி பேசறா.

அதனால யாருக்காவது இப்படி மாறி வந்து, ரெண்டாவது பை மாதிரி காரணமும் இல்லன்னா, பொறந்தப்புறம் குழந்தை டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. "பாக்க பொண்ணுதானே, லேப் தப்பு"ன்னு மூடி வச்சிராதீங்க.

---

ரெண்டு_வாலு_ஒரு_வீடு:

மல்லி அக்கா ❤️ அந்த மிளகாய்ப்பொடிக்கு ஒரு பெரிய முத்தம்.

---

விடியல்_அம்மா:

மல்லி அக்கா, எழுதினதுக்கு நன்றி. ரெண்டு தடவை படிச்சேன், என் வீட்டுக்காரரையும் படிக்க வச்சேன்.

லேபுக்கு டாக்டர் மூலமாத்தான் பேச முடிஞ்சது, டாக்டருக்கு அந்த 7 வார ரிப்போர்ட் வரியைக் காட்டினதும் முகம் மாறிடுச்சு, இதை ஏன் என்ஐபிடி ஃபார்ம்ல எழுதலன்னு நர்ஸைக் கேக்கறாங்க, ஃபார்ம் எழுதினது அவங்களேதான் 🙂 சாம்பிள் ஐடி பொருந்துதாம். ஒய் அளவு மொத்தத்தை விட நல்லா கம்மியாத்தான் இருக்குன்னு லேப்ல சொன்னாங்களாம். திரும்ப ரத்தம் எடுக்கறதா, நேரா பனிக்குட நீர் எடுக்கறதான்னு என்னையே முடிவு பண்ணச் சொல்றாங்க. ஊசின்னா கரு கலைஞ்சிருமோன்னு பயம். என்ன பண்ணட்டும்?

---

மைக்ரோபிப்பெட்:

முடிவு உங்களோடதும் டாக்டரோடதும்தான், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். கைப்பழக்கம் இருக்கற டாக்டர் எடுத்தா பனிக்குட நீர் டெஸ்டால கரு கலையறது 1000-க்கு 1-லருந்து 3 வரைக்கும்தான்னு இப்ப சொல்றாங்க, முன்னாடி பயமுறுத்தின அளவு இல்ல. குரோமோசோம் விஷயத்துல முடிவான பதில் வேணும்னா அதுதான், ஏன்னா அதுல வர்றது குழந்தையோட செல். எந்தப் பதில் வந்தாலும் நாங்க இந்தக் குழந்தையோடதான் போகப்போறோம்னு இருந்தா, ரத்தமே போதும்.

ரத்தம்னா, 12-வது வாரத்துல இருந்த அந்த மிச்ச திசு 21-க்குள்ள கரைஞ்சு போயிருக்க நல்ல வாய்ப்பு. இப்ப எடுத்து ஒய் மறைஞ்சிருந்தா ட்வின் கதை கிட்டத்தட்ட உறுதி. ஒய் குறைஞ்சிருந்தும் இன்னும் இருந்தா கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் பாக்கலாம். மொத்தத்துக்குச் சமமா ஏறி இருந்தாத்தான் மல்லி அக்கா சொன்ன பக்கம் யோசிக்கணும். டெஸ்ட் பண்ற லேப் துண்டுகளை எண்ணிப் பாக்கற வகையா, இல்ல எஸ்என்பி (ஆளுக்கு ஆள் மாறற டிஎன்ஏ எழுத்தைப் பாக்கற) வகையான்னு கேளுங்க, எஸ்என்பி வகைல மூணாவது ஆளோட டிஎன்ஏ கலந்திருந்தா தனியாத் தெரிய வாய்ப்பு ஜாஸ்தி. ஃபார்ம்ல வானிஷிங் ட்வின்னு ஒரு கட்டம் இருக்கும், இந்தத் தடவை அதை நீங்களே பாத்து டிக் பண்ணுங்க, கட்டம் இல்லன்னா பக்கத்துல கையால எழுதுங்க, 7 வார ரிப்போர்ட் ஜெராக்ஸையும் சேத்து வைங்க. அது தெரிஞ்சா சில லேப் சாம்பிளை வாங்கவே மாட்டாங்க, அதனால எடுக்கறதுக்கு முன்னாடியே ஃபோன்ல கேட்டுருங்க. அப்புறம் ட்யூப்ல ஒட்டற லேபிளை இந்தத் தடவை சுவத்தைப் பாக்காம நீங்களே படிச்சிட்டு வாங்க, இல்லன்னா வீட்டுக்காரரைக் கூட நிக்க வைங்க.